அப்பாச்சி மூன்று கோல் ஆட்டம்: வகுப்பில் நடத்த என்ன மரம், என்ன மதிப்பு?

பாளை_கணக்கு:
எட்டாம் வகுப்பு கணித மன்றத்தில் நிகழ்தகவுக்காக, அரிசோனா அப்பாச்சிப் பெண்கள் ஆடும் மூன்று கோல் ஆட்டத்தை வைக்கலாம்னு இருக்கேன். 40 கல்லைப் பத்துப் பத்தாகப் பிரித்து வட்டமா அடுக்கணும், நடுவில் ஒரு தட்டைக் கல். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவா இருக்கிற மூணு கோலைப் போட்டு, விழுற பக்கத்தோட மதிப்புக்கு ஏத்தபடி ஆடுறவங்க காய் எதிரெதிர்த் திசையில் நகரும். மூங்கிலைப் பிளந்தா ரெண்டு பக்கமும் வளைவாவே நிக்குது. வேற எதுல செய்யலாம்? மதிப்பு எப்படி வைக்கிறது?

அம்பை_ஆசாரி:
மூங்கில் உள்ளே கூடு, அதான் தட்டைப் பக்கமே கிடைக்காது. பெருவிரல் பருமன் வேப்பங்கொம்பு, கணு இல்லாம ஒரு சாண் நீளம். பச்சையிலேயே நேர்பாதியா பிளக்கணும். காஞ்ச பிறகு பிளந்தா பிளவு நாரோட போக்குல ஓரமா ஓடிரும். பிளந்ததும் ரெண்டு பாதியையும் தட்டையோட தட்டை சேர்த்து, மூணு இடத்துல கயிறு கட்டி நிழல்ல போடுங்க. தனித்தனியா காயவிட்டா வில்லா வளையும், அப்புறம் தட்டையில படுக்காது. காஞ்சதும் தட்டைப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு.

போடுறதும் முக்கியம். கோல் மூணையும் சேர்த்துப் பிடிச்சு, நுனி நடுக்கல்லுல மோதித் தெறிக்கிற மாதிரி போடணும். கிடைமட்டமா தாழ்வா விட்டா புரளாது. கை பழகின பிள்ளை நினைச்ச பக்கத்தை விழவச்சிரும். கல்லுல சாய்ஞ்சு நின்னா மறுபடி போடணும்.

தாயம்16:
மதிப்பு ஊருக்கு ஊர் வேறுபடும், அதனால் வகுப்புக்கு இப்படி வைங்க: மூணும் வளைவு மேலே 10, மூணும் தட்டை மேலே 5, ரெண்டு தட்டை 3, ஒரு தட்டை 2.

கோல் நியாயமா விழுந்தா எட்டு வழி. 10-க்கு 1, 5-க்கு 1, மத்த ரெண்டுக்கும் 3, 3. சராசரி (10+5+9+6)/8 = 3.75. கவனிச்சீங்களா, அபூர்வமா வர்ற ரெண்டும் சேர்ந்து தர்றது 15/8, அடிக்கடி வர்ற ரெண்டும் தர்றதும் 15/8. சுற்று முடிய ஆளுக்கு சுமார் 11 எறிதல். எதிராளியை வெட்டித் தொடக்கத்துக்கு அனுப்பும் விதியைச் சேர்த்தா நீளும், ஒரு பீரியடு பத்தாது.

ஆனா அரைவட்டக் கோல் நாணயம் இல்லை. ஒரே கோலை 100 தடவை போட்டு எண்ணச் சொல்லுங்க. தட்டை மேலே 45–55 வந்தா ஏத்துக்கலாம், 40–60-ஐத் தாண்டினா சாய்வுன்னு பலமா சந்தேகப்படலாம். மூணு கோலும் 60 விழுக்காடு தட்டை காட்டினா, 10 வர வாய்ப்பு 0.4×0.4×0.4 = 0.064, அதாவது எட்டில் ஒன்னா இருந்தது பதினாறில் ஒன்னாகும். சராசரி என்னவோ 3.59 தான், பெருசா இறங்காது. சராசரியை மட்டும் பார்த்தா கோணல் கோல் சிக்காது என்பதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பாளை_கணக்கு:
நன்றி அண்ணாச்சி. கோல் காயும்வரை புளியமுத்தை உரசி ஆடலாமா?

தாயம்16:
தாராளமா. நாலு முத்து, ஒரு பக்கம் வெள்ளையா. நாலும் கறுப்பு 8, நாலும் வெள்ளை 4, மத்தது வெள்ளை எண்ணிக்கையே மதிப்பு. 16 வழி, சராசரி 2.5. ரொம்ப உரசினா முத்து மெலிஞ்சு ஒருபக்கம் சாயும். தோல் போற அளவு போதும். பித்தளைத் தாயக்கட்டையோட ஒப்பிட்டா இன்னும் நல்லது: 3 தான் அதிகம் (4/16), மறு ஆட்டம் தர்ற 1, 5, 6, 12 எல்லாம் சேர்ந்து 6/16.

பொதிகை_நூலகம்:
பிள்ளைகளிடம் ‘அப்பாச்சி’ ஒரே கூட்டம்னு சொல்லிடாதீங்க. வெஸ்டர்ன் அப்பாச்சி, சிரிகாவா, மெஸ்கலேரோ, ஹிகாரியா எல்லாம் தனித்தனி. நாலு அவங்க வாழ்க்கையில் முக்கியமான எண். பெண் பருவமடையும் சடங்கு நாலு நாள் நடக்கும். அதை மேடையில் வேஷம் போட்டு நடிக்க வேண்டாம், ஆட்டம் மட்டும் போதும். கல்லுக்குத் தாமிரபரணிக் கூழாங்கல்லே சரி, பத்துக்கு ஒரு இடைவெளி விட மறக்காதீங்க. இல்லாட்டி எண்ணும்போது சண்டை வரும்.