கேமரா வைத்த வாசலில் வழிப்போக்கருக்கு என்ன வைக்கலாம்?

கேள்வி: பாளைவாசி

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையை ஒட்டியிருந்த எங்கள் தாத்தா காலத்து வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் புதிய வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் லிண்டல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. மின்குழாய்களை எங்கெங்கே பதிக்க வேண்டும் என்பதை இந்த மாதத்திற்குள் முடிவு செய்து சொல்லுமாறு எலக்ட்ரீஷியன் கேட்டிருக்கிறார். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பழைய வீட்டில் தெருவைப் பார்த்து இரண்டு திண்ணைகள் இருந்தன. வலப்பக்கத் திண்ணையின் ஓரத்தில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு மண்பானையும் சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளரும் வைத்திருப்பார்கள். ஆச்சி இருந்தவரை அந்தப் பானை வறண்டு யாரும் பார்த்ததில்லை. தைப்பூசத்திற்கும் மாசித் திருவிழாவிற்கும் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் இரவில் அந்தத் திண்ணைகளில் படுத்துவிட்டு, விடியும் முன்பே வீட்டாரை எழுப்பாமல் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரித்ததில்லை.

புதிய வீட்டின் வரைபடத்தில் திண்ணை கிடையாது. ஆறடிச் சுற்றுச்சுவர், மோட்டாரில் நகரும் கேட், கைரேகைப் பூட்டு, கேமராவும் ஒலிபெருக்கியும் உள்ள அழைப்புமணி, மாடியில் 3 கிலோவாட் சோலார் என்று என் மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் அறுபதைக் கடந்துவிட்டோம். ஆகவே அவனுடைய கவலை நியாயமானது. ஆனால் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கப்போகும் ஒரு வீடு, சித்திரை வெயிலில் அந்த வழியாகப் போகிற ஒருவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தராமல் நிற்பதை என் மனம் ஏற்கவில்லை. கருவிகளுக்காக இவ்வளவு பணம் செலவழிக்கும்போது, அவற்றில் ஒரு பங்காவது முன்பின் தெரியாதவர்களுக்கும் பயன்படும்படி அமைத்துக்கொள்ள வழி உண்டா? இத்துறையில் வேலை பார்த்தவர்களும், இப்படி ஏதேனும் செய்து பார்த்தவர்களும் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வண்ணாரப்பேட்டை வயர்மேன்

அண்ணாச்சி, பூச்சு வேலைக்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாறு அடி நீளத்திற்குச் சுற்றுச்சுவரை இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் உட்காரும் உயரத்திற்கு ஒரு கல் பலகையும் மேலே ஒரு சன்ஷேடும் போட்டுவிட்டால், தெருப் பக்கம் திறந்து, வீட்டுப் பக்கம் முழுச் சுவராக அடைந்த ஒரு சிறு திண்ணை கிடைத்துவிடும். உங்கள் மகன் கேட்கிற பாதுகாப்பில் இதனால் எந்தக் குறையும் வராது. எல்லாம் உங்கள் மனை எல்லைக்குள்ளேயே இருக்கட்டும். வாறுகாலின் (தெருச் சாக்கடையின்) மேல் சிலாப் போட்டுத் திண்ணை கட்டியவர்கள் பிறகு மாநகராட்சி வந்து இடிக்கும்போதுதான் வருத்தப்படுகிறார்கள்.

அடுத்து சோலார். மானியத் திட்டத்தில் பெரும்பாலும் பொருத்துவது ஆன்-கிரிட், அதாவது மின்வாரியக் கம்பியோடு இணைந்தே இயங்கும் முறையாகும். மின்வாரியக் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஊழியர்மீது உங்கள் மாடி மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகையால் உச்சி வெயிலில் தகடுகள் காய்ந்துகொண்டிருந்தாலும், கரண்ட் போனால் வீட்டில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றாது. மின்தடையிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மத்திய அரசு 2024இல் தொடங்கிய வீட்டுச் சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது தகட்டின் திறனைக் கணக்கிட்டுத் தருவது, பேட்டரிச் செலவு உங்களுடையது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

வெளித் திண்ணைக்கு எவ்வளவு மின்சாரம் போகும் என்று வீட்டில் கேட்பார்கள், கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 5 வாட் எல்இடி விளக்கு இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி ஆகும். ஒரு கைப்பேசியை அடிமட்டத்திலிருந்து முழுமையாக சார்ஜ் செய்ய, இழப்பையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி ஆகும். பத்துப் பேர் சார்ஜ் செய்தாலும் கால் யூனிட்தான். இரண்டையும் கூட்டினால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் தகடே நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்னும்போது, உங்களுடைய 3 கிலோவாட்டில் இது கண்ணில் தெரியாத அளவு.

ஆனால் 230 வோல்ட் சாக்கெட்டை வெளியே வைக்கவே கூடாது. சார்ஜர் அடாப்டரைச் சுவருக்கு உள்பக்கம் வைத்துவிட்டு, 5 வோல்ட் யூஎஸ்பி துளைகளை மட்டும் மூடியுள்ள பெட்டியில் வெளியே கொண்டுவாருங்கள். அந்த இணைப்புக்குத் தனியாக, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுவிடுங்கள். மழையில் நனைந்த கையோடு ஒருவர் தொட்டாலும் ஆபத்து இருக்காது.

விளக்கைப் பற்றி ஒரு சொல். ஆள் வந்ததும் பளிச்சென்று எரிகிற சென்சார் விளக்கை அங்கே வைக்காதீர்கள். களைத்துப்போய் உட்கார வந்தவர், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டதைப் போலத் துள்ளி எழுந்துவிடுவார். பொழுது சாய்ந்ததும் தானாக எரியத் தொடங்கி, விடிந்ததும் அணைகிற சாதாரண ஒளி உணரியே போதும்.

பதில்: ஆழ்வார்திருநகரி மதினி

பாளை அண்ணனுக்கு வணக்கம். வயர்மேன் தம்பி பேட்டரியில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருப்பதை, 2023 வெள்ளத்தை நேரில் பார்த்தவள் என்ற முறையில் அழுத்தமாக வழிமொழிகிறேன்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனதால், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. பக்கத்திலுள்ள புதுக்குடி ஊர்மக்கள், தங்களையே வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டதை நாடே செய்தியாகப் படித்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் வேலை செய்யவில்லை, சாலையும் இல்லை. அன்றைக்கு அங்கே பயன்பட்டவை அரிசியும் அடுப்பும் அண்டாவும் மனிதர்களின் கைகளுமே.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு காரில் வந்து சிக்கிக்கொண்ட குடும்பம் தங்கியிருந்தது. கீழே தார்சா (முன்கூடம்) முழுவதும் தண்ணீர். அந்தப் பெண்ணிடம் மூன்று கைப்பேசிகள் இருந்தன. மூன்றும் அணைந்து கிடந்தன. தன் தாயாரின் எண்ணே அவளுக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் கடைசியாக மிச்சமிருந்த மின்சாரத்தில் ஒரு கைப்பேசியைச் சில நிமிடங்கள் உயிர்ப்பித்து, எண்களை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, திருநெல்வேலிப் பக்கம் போகத் துணிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அந்தத் தாள் நனையாமல் இருக்க, உப்புப் பாக்கெட்டின் உறையில் மடித்து வைத்துக் கொடுத்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இனி வரும் வீடுகளில் அடுப்பு, பூட்டு, கேட் எல்லாம் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பியே இருக்கப்போகின்றன. சாதாரண நாளில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் தருவது நல்லதுதான். ஆனால் ஊரே தத்தளிக்கும் நாளில்தான் தெரியாதவர்கள் கூட்டமாக நம் வாசலுக்கு வருவார்கள், அன்று கருவிகள் நம்மைக் கைவிட்டால் மனம் இருந்தும் கொடுக்க முடியாது. கைரேகைப் பூட்டு எதுவானாலும் சாவித் துளை உள்ளதாக வாங்குங்கள். மோட்டார் கேட்டைக் கையால் தள்ளித் திறக்கும் விடுவிப்புச் சாவி எங்கே இருக்கிறது என்று அண்ணிக்கும் காட்டி வையுங்கள். மின்னடுப்பு வாங்கினாலும் ஒரு சிலிண்டரும், பெரிய பாத்திரம் தாங்குகிற ஓர் இரும்பு அடுப்பும் புறவாசலில் இருக்கட்டும். பேட்டரியைத் தரைத்தளத்தில் வைக்காமல் மாடிப்படியின் மேல்மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் முதலில் மூழ்கியவை பேட்டரிகள்தாம்.

பதில்: பெருமாள்புரம் தனிவீடு

ஐயா, கேமராவைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். கணவர் மறைந்த பிறகு நான் தனியாக இருக்கிறேன். பல காலம் யார் மணி அடித்தாலும் கதவைத் திறக்காமல் இருந்தேன். மோர் கேட்டு வந்த கீரைக்கார அம்மாவைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். பேசும் அழைப்புமணி வைத்த பிறகு, உள்ளேயிருந்தே "என்னம்மா வேண்டும், இருங்கள் வருகிறேன்" என்று சொல்ல முடிகிறது. இந்தக் கருவி என் பயத்தைக் குறைத்து, என்னை மீண்டும் வாசலுக்குக் கொண்டுவந்தது. எனவே உங்கள் மகன் வாங்கச் சொல்வதை மறுக்க வேண்டாம்.

ஆனால் எங்கே பொருத்துகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் விசாரிக்க வேண்டிய இடம் வீட்டுக் கதவு. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பவரை விசாரிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தத் திண்ணை கேமராவின் பார்வையில் விழுந்தால், ஒவ்வொருவர் குனிந்து தண்ணீர் பிடிக்கும்போதும் "அறிமுகமில்லாத நபர்" என்று உங்கள் மகனின் கைப்பேசிக்கு எச்சரிக்கை போகும். பத்து முறை பார்த்துவிட்டு, பதினோராவது முறை பானையை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிடுவான். பெரும்பாலான கேமராக்களில் காட்சியின் ஒரு பகுதியை மறைத்துவிடும் வசதி உண்டு. அதைக் கொண்டு திண்ணையை முழுமையாக மறைத்துவிடுங்கள். முகங்களை அடையாளம் காணும் வசதியை அணைத்து வையுங்கள். பதிவுகள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகாமல், உள்ளேயே மெமரி கார்டில் சேமிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாய்த் தண்ணீருக்கு வந்தவரின் முகம் எங்கோ ஒரு நாட்டின் கணினியில் கிடப்பது அவருக்கு நாம் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

பதில்: சமாதானபுரம் ஆசிரியை

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். நம் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காதுகேளாதோர் பள்ளியும் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. அங்கே படித்தவர்கள் நம் தெருக்களில்தான் நடக்கிறார்கள். கண்ணாடிப் பலகையைத் தொட்டு இயக்கும் அழைப்புமணியைப் பார்வையற்றவர் தடவித் தடவித் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது; விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்த பொத்தான் உள்ளதை வாங்குங்கள். ஒலிபெருக்கியில் மட்டும் பதில் சொன்னால் காதுகேளாதவருக்கு அது எட்டவே எட்டாது. உள்ளேயிருப்பவர் பதில் தந்ததும் வெளியே ஒரு சிறு பச்சை விளக்கு எரியும்படி வயர்மேன் செய்து தர முடியும். தண்ணீர்க் குழாயும் திருகுகிற வகையாக இல்லாமல், கை பலமில்லாதவரும் அழுத்தித் திறக்கிற நெம்பு வகையாக இருக்கட்டும்.

பாளைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகனிடம் இவை அனைத்தையும் படித்துக் காட்டினேன். கேமராவின் பார்வையிலிருந்து திண்ணையை மறைப்பதற்கு முதலில் தயங்கினான். பெருமாள்புரம் அம்மா எழுதியதைக் கேட்ட பிறகு, வீட்டுக் கதவுக்கு மட்டும் கேமரா என்று ஒப்புக்கொண்டான். சுவரை உள்ளே தள்ளிக் கட்டக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. நடைபயணம் போகிறவர்கள் காலை நீட்டிப் படுக்க வசதியாக இருக்கட்டும் என்று கல் பலகையை ஏழடியாக்கச் சொன்னேன். ஹைபிரிட் இன்வெர்ட்டரும் மாடியில் பேட்டரியும் என்று முடிவாகிவிட்டது. மதினி சொன்ன இரும்பு அடுப்பு பழைய வீட்டிலேயே இருக்கிறது; அதைப் பழைய இரும்புக்குப் போடவிருந்ததை என் மனைவி நிறுத்திவிட்டாள்.

தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம். வெளியே ஆர்ஓ இயந்திரத்தோடு குளிர்விப்பான் வைக்கலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது தேவையா, மண்பானையே போதுமா?

பதில்: வண்ணாரப்பேட்டை வயர்மேன்

அண்ணாச்சி, உங்கள் பகுதிக்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் ஆர்ஓ தேவைப்படாது. ஆர்ஓ என்பது உப்பு மிகுந்த போர் தண்ணீருக்கானது. அதில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்க, இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி, புறஊதா விளக்கின் வழியே விட்டாலே கிருமிகள் போய்விடும். அந்த விளக்கு மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் பேட்டரியிலும் ஓடும்.

குளிர்விப்பான் வேண்டாம். காருகுறிச்சியில் குழாய் பொருத்திய மண்பானைகள் செய்கிறார்கள். சுவரின் உள்பக்கமிருந்து ஒரு மிதவை வால்வு வழியாகப் பானை தானாக நிரம்பும்படி நான் இணைத்துத் தருகிறேன். பானையின் மேற்புறம் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. ஆகவே எனாமல் பூசிய பானையை வாங்கிவிடாதீர்கள், காற்றுப் படாத இடத்தில் மூடியும் வைக்காதீர்கள். பானைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும்படி மாடத்தை அமைக்கக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை பானையைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைக்க வேண்டும். சோப்புப் போட்டால் மண் அதை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரில் வாடை வரும். காயவைக்கும் நாளில் மாற்றி வைக்க இன்னொரு பானையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.