அகதா கிறிஸ்டி காணாமல் போன 11 நாள்கள்: எழுந்த ஊகங்களில் எதற்குச் சான்று இருக்கிறது?

கேள்வி

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அவருடைய கதைகளைப் பற்றிப் பேசுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் 1926 டிசம்பரில் அவர் காணாமல் போன நிகழ்வைத் தொடாமல் அந்த உரையை முடிக்க முடியாது. கேட்க வருபவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். தேடிப் படித்தால், கணவரைக் கொலைப் பழியில் சிக்கவைக்கத் திட்டமிட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; புத்தக விற்பனைக்காகச் செய்த விளம்பரம் என்கிறார் இன்னொருவர்; நினைவு தப்பிவிட்டது என்கிறார் மூன்றாமவர். மூவருமே உடனிருந்து பார்த்தவர்களைப் போல உறுதியாக எழுதுகிறார்கள்.

இவற்றில் எதற்குச் சான்று இருக்கிறது என்பது என் முதல் கேள்வி. வீட்டை விட்டுச் சென்ற ஓர் எழுத்தாளருக்காக ஒரு நாடே அப்படித் திரண்டது ஏன் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பதில் 1

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம். 1926 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணியளவில், பெர்க்‌ஷயரின் சன்னிங்டேலில் இருந்த தம் வீட்டில் ஏழு வயது மகள் இருக்க, அகதா தம் மாரிஸ் கௌலி காரை ஓட்டிக்கொண்டு வெளியேறினார். மறுநாள் காலை அந்தக் கார் சர்ரே மாவட்டத்தில், கில்ட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள நியூலண்ட்ஸ் கார்னர் சரிவில், ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்கு மேலே கைவிடப்பட்டுக் கிடந்தது. உள்ளே அவருடைய மென்மயிர்க் கோட்டும் காலாவதியான ஓட்டுநர் உரிமமும் இருந்தன. டிசம்பர் குளிரில் கோட்டைக் கூட எடுத்துக்கொள்ளாமல் ஒரு பெண் எங்கே போயிருக்க முடியும் என்ற கேள்விதான் மற்ற எல்லாக் கதைகளுக்கும் தொடக்கம்.

அந்த ஆண்டு அவருக்கு எப்படிப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏப்ரலில் தாய் இறந்தார். ஆகஸ்டில் கணவர் கர்னல் ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டி, நான்சி நீல் என்ற பெண்ணை விரும்புவதாகச் சொல்லி மணவிலக்குக் கேட்டார். டிசம்பர் 14 அன்று யார்க்‌ஷயரின் ஹாரோகேட் நகரில், ஸ்வான் நீர்ச்சிகிச்சை விடுதியில் அகதா அடையாளம் காணப்பட்டபோது, கேப் டவுனிலிருந்து வந்த திருமதி தெரசா நீல் என்ற பெயரில் அங்கே தங்கியிருந்தார். கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரையே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். விடுதியின் இசைக்குழுவில் வாசித்த இருவர் அவரை அடையாளம் கண்டு காவல்துறைக்குச் சொன்னார்கள்.

உங்கள் மூன்று ஊகங்களில், விளம்பரம் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. அந்த ஆண்டு வெளிவந்த நாவலாலேயே அவர் பேர் பெற்றிருந்தார். கணவரைச் சிக்கவைக்கும் திட்டம் என்பது, அந்த வார இறுதியில் கணவர் தங்கியிருந்த காடல்மிங் என்ற ஊர், கார் கிடந்த இடத்துக்கு அருகில் இருப்பதை மட்டுமே நம்பி நிற்கிறது. நினைவிழப்பு என்பதற்கு இரண்டு மருத்துவர்களின் அறிக்கை உண்டு. அகதாவே 1928இல் ஒரு நாளிதழுக்கு அளித்த பேட்டியும் உண்டு. ஆனால் அந்த அறிக்கை, செய்தியாளர்கள் வாசலில் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் குடும்பம் வெளியிட்டது என்பதையும் உங்கள் அவைக்குச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் படிக்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

அகதா வெளியேறிய மறுநாளே, சனிக்கிழமை காலையில், அவர் கணவரின் தம்பிக்கு எழுதிய ஒரு கடிதம் லண்டனில் அஞ்சல் முத்திரை பெற்றிருந்தது. ஓய்வுக்காக யார்க்‌ஷயரில் உள்ள ஒரு நீர்ச்சிகிச்சை ஊருக்குப் போவதாக அதில் இருந்தது. தம்பி கடிதத்தைத் தொலைத்துவிட்டார். உறை மட்டும் எஞ்சியது. அதாவது, போன இடம் ஏறக்குறைய சொல்லப்பட்டே இருந்தது. அப்படியிருந்தும் சர்ரே காவல்துறையின் துணைத் தலைமை அதிகாரி வில்லியம் கென்வர்ட், பிணம் நியூலண்ட்ஸ் கார்னரைச் சுற்றித்தான் கிடக்கிறது என்ற முடிவிலிருந்து அசையவில்லை. வீடு பெர்க்‌ஷயரில், கார் சர்ரேயில் என்பதால் வழக்கு இரண்டு காவல்துறைகளிடம் மாட்டிக்கொண்டது. பெர்க்‌ஷயர் கண்காணிப்பாளர் சார்லஸ் கோடார்டு, அகதா உயிரோடுதான் இருக்கிறார் என்று நம்பினார். செய்தித்தாள்களுக்குப் பிடித்தது யாருடைய முடிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு ஓய்வெடுக்கும் பெண்ணை வைத்து நாளுக்கு ஒரு தலைப்பு எழுத முடியாது.

அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். சைலண்ட் பூல் என்ற குளத்தில் தேடினார்கள். வேட்டை நாய்கள் வந்தன, விமானங்கள் பறந்தன. உள்துறை அமைச்சர் வில்லியம் ஜாய்ன்சன் ஹிக்ஸ் காவல்துறையை முடுக்கினார். ஒரு நாளிதழ் 100 பவுண்ட் பரிசு அறிவித்தது. கண்ணாடி போட்டால் எப்படி இருப்பார், முடியை மாற்றினால் எப்படி இருப்பார் என்று படங்களும் அச்சாயின. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில், அகதாவின் கையுறை ஒன்றை வாங்கி ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஒருவரிடம் கொடுத்தார். இன்னொரு துப்பறியும் கதை எழுத்தாளரான டொரத்தி சேயர்ஸ் நேரில் வந்து இடத்தைப் பார்த்தார். டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் குடும்பமாக மக்கள் அந்தக் குன்றுகளுக்கு வந்து குவிந்தார்கள். 15,000 பேர் என்று இன்று பரவலாக எழுதப்படுகிறது. திறந்த மேட்டில் திரண்ட கூட்டத்தின் எண்ணிக்கை என்பதால் அந்த எண்ணை நான் எச்சரிக்கையோடுதான் சொல்வேன். எத்தனை பேராக இருந்தாலும், அவர்களில் பெரும்பாலோர் உதவும் எண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் உதவ வந்தவருக்கும் வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் அந்த மேட்டில் வேறுபாடு தெரிந்திருக்காது.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது போல என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்த அவலை நாளும் அள்ளிக் கொடுத்தவை நாளிதழ்கள். கணவரே கூட ஒரு நாளிதழிடம், நினைத்தால் காணாமல் போய்விட முடியும் என்று மனைவி முன்பு சொன்னதாகப் பேசினார். தம்மீது விழுந்த சந்தேகத்தைத் திருப்பிவிட அவர் அப்படிப் பேசியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அது சந்தேகத்தை அகதாவின் பக்கம் திருப்பிவிட்டது.

பதில் 3

இரண்டாம் பதிலை எழுதியவரோடு ஓரளவு மாறுபடுகிறேன். மக்கள் ஊகித்ததை மட்டுமே குறை சொல்வது நியாயம் ஆகாது. காரைக் குவாரிக்கு மேலே விட்டுச் செல்கிறார், வேறு பெயரில் பதிவு செய்கிறார், விடுதியில் நடனமாடுகிறார், பில்லியர்ட்ஸ் ஆடுகிறார், தம் படம் அச்சான செய்தித்தாள்கள் அதே விடுதிக்குள் வந்துகொண்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த தெரசா நீலின் நண்பர்களும் உறவினர்களும் தொடர்பு கொள்ளுமாறு லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு விளம்பரம் கூடக் கொடுத்திருக்கிறார். இத்தனை ஒழுங்காக நடந்துகொண்டவர் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதை நம்ப என் மனம் இடம் தரவில்லை. அந்த விளம்பரம் கணவரின் கண்ணில் பட வேண்டும் என்றே கொடுத்தார் என்பது என் கருத்து. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனம் நொந்த ஒரு பெண் தன் கணவரை ஒரு வார இறுதிக்கு மட்டும் பதறவைக்க நினைத்திருக்கலாம். அது நாட்டின் செய்தியாகிவிட்டபோது திரும்பி வரும் வழி அடைபட்டிருக்கலாம். தேடலின் செலவைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததும் இயல்புதான்.

பதில் 2 எழுதியவரின் மறுமொழி

உங்கள் வாசிப்புக்கு இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "இருக்கலாம்" என்று இருமுறை எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நேர்மை. 1926இல் அச்சான பத்திகளில் அந்தச் சொல் முதல் நாளில் இருந்தது, மூன்றாம் நாளில் காணாமல் போனது. மேலும், வேறு பெயரில் ஒழுங்காக நடமாடுவதும் நினைவுக் குழப்பமும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று கொள்ள வேண்டியதில்லை. தம் அடையாளத்தை இழந்து, வேறு ஊருக்குப் பயணம் செய்து, பார்ப்பவருக்கு இயல்பாகத் தெரியும்படி சில நாள்கள் வாழும் நிலை மனநல மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்றே. அகதாவுக்கு நேர்ந்தது அதுதான் என்று நான் சாதிக்கவில்லை. அந்த விளம்பரத்தை நீங்கள் கணவருக்கு எழுதிய செய்தியாகப் படிக்கிறீர்கள். தம்மை யாரென்று யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவரின் குரலாகவும் அதைப் படிக்க முடிகிறது. ஒரே வரி, இரண்டு வாசிப்பு.

பதில் 4

நான் இந்த உரையாடலைச் சில நாள்களாகப் படித்துக்கொண்டிருந்தேன்; எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் சித்தப்பா நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விட்டார். நான்கு மாதம் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தார். அவர் இல்லாத அந்த நான்கு மாதமும் எங்கள் தெருவில் தலைக்கு ஒரு கதை இருந்தது: கடன், வேறு குடும்பம், சாமியார், கிணறு. ஒரு செய்தித்தாள் அதில் ஒன்றைக் கண் காது மூக்கு வைத்து அச்சிட்டது. பாட்டி அந்தத் தாளை அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். ஆனால் எங்களை உண்மையில் வருத்தியது அவர் திரும்பி வந்த பிறகு நடந்ததுதான். அவர் உயிரோடு வந்ததில் ஊருக்கு ஏதோ ஏமாற்றம் இருந்தது போலத் தோன்றியது. எங்கே போனாய், ஏன் போனாய் என்று, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், தேடியவர்களும் தேடாதவர்களும் கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். சித்தப்பா கடைசி வரை எங்களிடம் கூட எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே 1926 நிகழ்வில் என் கண் போவது டிசம்பர் 14க்குப் பிறகான நாள்களில்தான். ஹாரோகேட்டிலிருந்து அகதாவை அழைத்துச் சென்றபோது செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் ரயில் நிலையத்தில் காத்து நின்றார்கள். அவர் உயிரோடு கிடைத்ததில் மகிழ்ச்சியைக் காட்டிலும், தங்களை ஏமாற்றிவிட்டார் என்ற கோபமே பல பத்திகளில் தெரிந்தது. அவர் 1976இல் காலமானார். மறு ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில் இந்த 11 நாள்களைப் பற்றி எந்த விளக்கமும் இல்லை. அதை மர்மத்தைக் காக்கும் தந்திரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது அவருடைய வாழ்க்கையின் மிக மோசமான ஆண்டு. அதை யாருக்கும் விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. இன்று பிரிட்டனில், காணாமல் போனதாகப் புகார் வந்த வயது வந்த ஒருவர் நலமாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அவர் விரும்பாதவரை அவர் இருக்கும் இடத்தைக் குடும்பத்துக்குக் கூடக் காவல்துறை சொல்வதில்லை. என் சித்தப்பாவை நினைத்தால் அந்த விதி எனக்கு வலிக்கிறது, ஆனால் சரி என்றும் படுகிறது.

பதில் 5

2023 தொடக்கத்தில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பெண் ஆற்றங்கரையில் காணாமல் போனபோது, அந்தச் சிறிய கிராமத்துக்குக் காணொளி எடுப்பவர்கள் வந்து தனியார் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்ததையும், காவல்துறை கலைந்து செல்லும் உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்ததையும் உங்கள் உரையில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் ஆற்றில் தவறி விழுந்து இறந்தார் என்பதுதான் மரண விசாரணையின் முடிவு. காவல்துறை தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் கருதியது. பெயர் சொல்ல வேண்டாம். அவருக்குச் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நான்காம் பதிலை எழுதியவருக்குத் தனியாக. அதை எழுதுவது எளிதாக இருந்திருக்காது.

என் குறிப்புகளில் "மர்மத்தின் விடை" என்று ஒரு தலைப்பு வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன். மூன்று ஊகங்களையும் சொல்வேன், ஒவ்வொன்றும் எதை நம்பி நிற்கிறது என்பதையும் சொல்வேன், அதற்கு மேல் போகமாட்டேன். உரையை நியூலண்ட்ஸ் கார்னரில் கிடந்த காரிலிருந்து தொடங்குவதாக இருந்தேன். இப்போது அந்த டைம்ஸ் விளம்பரத்திலிருந்து தொடங்க நினைக்கிறேன். அது டிசம்பர் 11, சனிக்கிழமை அச்சாகியிருக்கிறது. பெரும் கூட்டம் குன்றுகளில் அவருடைய உடலைத் தேடியது மறுநாள். நாடே அவரைத் தேடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், ஹாரோகேட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து, தெரசா நீலைத் தெரிந்தவர்கள் எவராவது இருந்தால் எழுதுங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்.