புதுப்பிப்பு: மாவிலை நோய் மாதிரிக்கு ஜிபியு தேடிய இழை

கிருஷ்ணகிரி தோப்புகளில் எடுத்த மாவிலைப் படங்களைக் கொண்டு நோய் கண்டறியும் ஏஐ மாதிரியைப் (மாடல்) பயிற்றுவிக்க ஜிபியு (ஏஐ பயிற்சிக்கான பெருங்கணக்குகளை வேகமாகச் செய்யும் சிப்) எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் இந்தியாஏஐ திட்டத்தைச் சொன்னீர்கள், நன்றி.

2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை சுமார் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த திட்டம் அது. முதலில் வைத்த இலக்கு 10,000 ஜிபியு. 2025-லேயே 38,000-ஐ எட்டிவிட்டார்கள். அரசே இயந்திரம் வாங்கி அடுக்கவில்லை. தனியார் நிறுவனங்களின் ஜிபியுக்களை டெண்டரில் முடிவான விலைக்குப் பட்டியலிட்டு, தகுதியுள்ளவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் தருகிறது. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு, ஆனாலும் அங்குள்ள வசதி நம் பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன்.

விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரா ரக மாவிலைப் படங்கள்தான் குறைவு. போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் அனுப்ப முடியுமா?