கீமோவுக்கு முன் ஹெப்படைடிஸ் பி தெரியவந்தது: மார்பகப் புற்றுக்கும் அதுதான் காரணமா?

கேள்வி:
என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பகக் கட்டி புற்றுதான் என்று பயாப்ஸியில் உறுதியாகி, கீமோவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இந்நிலையில் இரத்தப் பரிசோதனையில் ‘ஹெச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்’ (ஹெப்படைடிஸ் பி வைரஸ் தொற்று இருக்கிறது) என்று வந்து, ஆய்வகத்தார் அதன் கீழே சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறார்கள். இந்த வைரஸ்தான் மார்பகத்தில் கட்டியாக மாறியதா? பசும்பாலில் உள்ள ஒரு வைரஸாலும் இந்நோய் வரும் என்று படித்ததால், ஒரு வாரமாகப் பால் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். வெளியே தெரிந்தால் தவறாகப் பேசுவார்கள் என்று அம்மா தடுப்பதால், அந்தத் தாளைப் புற்றுநோய் மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லை.

மறுமொழி 1:
சகோதரி, முதலில் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம். ஹெப்படைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீமோ கொடுக்கும்போது, குறிப்பாக டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேரும்போது, அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். எண்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, கீமோ முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு தொடர்ந்தால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹெப்படைடிஸ் பி கல்லீரல் புற்றை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் மனிதரில் மார்பகப் புற்றுக்குக் காரணம் என்று நிறுவப்பட்ட வைரஸ் இதுவரை எதுவுமில்லை. சந்தேகம் எழுந்தது எலிகளிடமிருந்து: தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்கு ஏதோ ஒன்று கடந்து மார்பகக் கட்டியை உண்டாக்குவதை 1936இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் பிட்னர் காட்டினார்; அது வைரஸ் என்பது பின்னர் தெரிந்தது. மாடுகளுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் மாட்டு லுகேமியா வைரஸின் மரபணுவை, புற்றுள்ள பெண்களில் 59 சதவீதத்தினரிடமும் புற்றில்லாதவர்களில் 29 சதவீதத்தினரிடமும் கண்டதாக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். நீங்கள் படித்தது அதுவாக இருக்கலாம். அடுத்த ஆண்டே 51 கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் அலசிய வேறு குழுவினருக்கு அதன் சுவடே கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும், ஒரு வைரஸ் திசுவில் தங்கியிருப்பது வேறு, கட்டியை உண்டாக்குவது வேறு. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் உலகில் பத்துப் பெரியவர்களில் ஒன்பதுக்கும் மேற்பட்டோரிடம் தங்கியிருந்தும், பெரும்பாலோருக்கு அதனால் புற்று வருவதில்லை. காய்ச்சிய பாலில் மாட்டு வைரஸ் பிழைக்காது என்பதால், பாலை நிறுத்தியதில் பயன் ஏதுமில்லை.

மறுமொழி 2:
என் அக்காவும் இதே நிலையைக் கடந்தவர்தான். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது நாள்பட்டதாகிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே நீங்கிவிடுகிறது. ஆகவே அம்மாவுக்கும் இது பிறந்தபோதே தொற்றியிருக்கலாம்; அவர் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நீங்களும் உடன்பிறந்தவர்களும் அப்பாவும் பரிசோதனை செய்துகொண்டு, தொற்றோ எதிர்ப்புச் சக்தியோ இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தாளைக் காட்டினோம். வைரஸின் அளவைப் பார்க்க மீண்டும் இரத்தம் எடுத்துக்கொண்டு, எண்டெகாவிர் எழுதிக்கொடுத்தார்கள். பாலும் வாங்கத் தொடங்கிவிட்டேன். அம்மாவுக்கு விடியற்காலையில் காப்பி இல்லாமல் முடியாது. மாத்திரையை அதனுடன் கொடுக்கலாமா?

மறுமொழி 1:
கூடாது. எண்டெகாவிரை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலைக் காப்பிக்குத் தடையிராது.