கைப்பை எடை: கூடுதல் கட்டணம் தவிர்ப்பது எப்படி?

கீழக்கரைவாசி: துபாயிலுள்ள மகனைப் பார்க்க மதுரையிலிருந்து செல்கிறேன். சென்ற முறை தொதல் என்ற இனிப்பும் நல்லெண்ணெயும் வைத்திருந்த கைப்பை ஒன்பது கிலோ இருந்ததால், வாயிலருகே பணம் கட்ட நேர்ந்தது. இம்முறை எதைக் கவனிக்க வேண்டும்?

ஏர்வாடிப் பயணி: நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 7 கிலோதான், 55×35×25 செ.மீ. என்ற அளவில் சக்கரமும் கைப்பிடியும் அடங்கும். சக்கரப் பெட்டியே இரண்டரை கிலோவை விழுங்கிவிடுவதால், துணிப்பையே மேல் என்பேன். மீறினால், கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்குங்கள். விமான நிலையத்தில் விலை அதிகம்.

மண்டபத்தார்: பன்னாட்டுப் பயணத்தில் 100 மி.லி.க்கு மேற்பட்ட எண்ணெய்ப் போத்தலைக் கைப்பையில் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கீழக்கரைவாசி: நன்றி. தொதலைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டு, கருவாட்டுக் கடைத் தராசில் பையை நிறுத்தேன்: 6.8 கிலோ.