புவிவெப்ப ஆராய்ச்சி: ஆழமாகப் போவதா, சிமெண்டைப் பார்ப்பதா?

முதலாண்டுக்காரன்:
முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. துறை இயந்திரவியல். புவிவெப்பம் என்பது வரை முடிவாகிவிட்டது, அதற்குள் எது என்பதில்தான் குழப்பம். கூடப் படிப்பவர்கள் மில்லிமீட்டர் அலையால் பாறையை உருக்கித் துளையிடுவதைப் பற்றியே பேசுகிறார்கள். பிட் என்கிற துளையிடும் முனையே வேண்டாம், இருபது கிலோமீட்டர் இறங்கலாம், உலகில் எங்கே தோண்டினாலும் மின்சாரம் என்கிறார்கள். என் வழிகாட்டியோ "உறைக்குழாயையும் சிமெண்டையும் பார்" என்கிறார், அதாவது கிணற்றுக்குள் இறக்கும் எஃகுக் குழாயும் அதைச் சுற்றி ஊற்றும் சிமெண்டும். கேட்கும்போதே கொட்டாவி வருகிறது. பத்து வருடம் கழித்து இந்தத் துறை எங்கே நிற்கும்? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சேற்றுக்கால்:
தம்பி, நான் உங்கள் வழிகாட்டியின் கட்சி. எண்ணெய்க் கிணறுகளில் பதினாறு வருடம், வெந்நீர்க் கிணறுகளில் ஆறு வருடம் ஓட்டியவன் என்பதால் பக்கச்சார்பு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

கைரோட்ரான் கருவி உமிழும் அந்த மில்லிமீட்டர் அலையால் கருங்கல்லை உருக்கலாம் என்பது உண்மைதான். உருக்கிய துளைக்குள் எதை இறக்குவீர்கள்? ஒரு முறை 230 டிகிரிக் கிணற்றில் அழுத்தமானி ஒன்றை இறக்கினோம். மேலே வந்தபோது அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மூடியைத் திருகிக் கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் கரியாகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. அந்த இடுக்கு வழியாக நீராவி புகுந்து சர்க்யூட் பலகையை வேகவைத்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவு வளையம்தான். நான்கு நாள் வேலை போயிற்று.

பெரிய அளவில் இதே கதை ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் நடந்தது. நாலரை கிலோமீட்டர் போகத் திட்டமிட்டவர்கள் 2009இல் 2.1 கிலோமீட்டரிலேயே பாறைக்குழம்பில் முட்டிக்கொண்டார்கள். ஓடிப்போகாமல் அதையே கிணறாக்கினார்கள். கிணற்றுவாயில் 450 டிகிரி நீராவி வந்தது! ஒரே கிணற்றில் முப்பது மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த நீராவியில் அமிலமும் சிலிக்காவும் சேர்ந்தே வந்தன. 2012இல் வால்வுகள் மக்கர் செய்யவே குளிர்ந்த நீரை ஊற்றி அணைத்தார்கள். குழாய் நொறுங்கியது. அந்தக் கிணறு செத்தது சூடு எட்டாததால் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

எஃகுக் குழாயை 400 டிகிரி சூடாக்கினால் கிலோமீட்டருக்கு நாலரை மீட்டருக்கும் அதிகமாக நீளப் பார்க்கும். சுற்றிலும் சிமெண்ட் இறுகியிருப்பதால் நீள இடமில்லை. எனவே நசுங்கும். பிறகு குளிரவைத்தால் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். சாதாரண சிமெண்ட் 110 டிகிரிக்கு மேலேயே வலுவிழக்கத் தொடங்குகிறது. அதனால்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா மாவு கலக்கிறோம். 400 டிகிரியில் முப்பது வருடம் தாங்குகிற சிமெண்டை எவரும் என் கையில் கொடுத்ததில்லை. இதற்கா கொட்டாவி?

பத்து வருடக் கேள்விக்கு என் கணிப்பு: இருபது கிலோமீட்டர் எல்லாம் இல்லை. இருநூறு டிகிரி சுமாருள்ள வறண்ட பாறையில், எண்ணெய்க்காரர்களிடம் கற்ற கிடைமட்டத் துளைகள்; அவற்றுக்கிடையே பாறையை நீர் அழுத்தத்தால் பிளந்து நீரை ஓடவிடுவது. அமெரிக்காவின் ஃபெர்வோ நிறுவனம் 2023இல் நெவாடாவில் இரண்டு கிடைக்கிணறுகளுக்கு இடையே வினாடிக்கு 63 லிட்டர் நீரை ஓடவைத்துக் காட்டியது. மூன்றரை மெகாவாட்டுக்குப் போதுமான சூடு. யூட்டாவின் ஃபோர்ஜ் ஆய்வுக்களத்தில் கருங்கல்லைச் செதுக்கும் வைரப் பிட்டுகளின் வேகம் கண்முன்னே கூடியது. பிட் செத்துவிட்டது என்று யார் சொன்னது?

நடுக்கமானி:
சேற்றுக்கால் அண்ணா, குழாயிலேயே நின்றுவிட்டீர்கள். பாறையை நீர் அழுத்தத்தால் பிளக்கும்போது நிலம் நடுங்குமே! சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் 3.4 அளவு நடுக்கம் வந்தது, அந்தத் திட்டம் பிறகு எழவேயில்லை. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் ஏறத்தாழ 5.5. புவிவெப்பக் கிணறுகளே தூண்டின என்று 2019இல் விசாரணைக் குழு சொன்னது. அதற்கு முன்பே, 2017 ஏப்ரலில், 3.2 அளவு அதிர்வு ஒன்று எச்சரித்திருந்தது. துளையிடும்போதே, துளைக்குள் செலுத்தும் சேறு ஓரிடத்தில் பாறைப் பிளவுக்குள் ஓடிக் காணாமல் போயிருந்தது. என் போன்றவர்களுக்கு வேலை அங்கேதான்: கிணற்றோடு கண்ணாடியிழைக் கம்பியை இறக்கி, சின்ன அதிர்வுகள் எந்தப் பிளவை நோக்கி நகர்கின்றன என்று அன்றன்றே படிப்பது. ஆனால் அந்த இழையின் மேலுறையும் சூட்டில் கெட்டுப்போகிறது என்பதை, வேண்டாவெறுப்பாக, ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
சூரியத் தகடு இவ்வளவு மலிந்த பிறகு இந்தத் துளைக்கு யார் பணம் போடுவார்கள்?

சேற்றுக்கால்:
இரவு இரண்டு மணிக்கும் மின்சாரம் வேண்டுபவர்கள். இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1913 முதல் நீராவியில் மின்சாரம் எடுக்கிறார்கள். துளைக்கூலிதான் பெரும் செலவு, அதை மறுக்கவில்லை.

போஹாங் பற்றி நடுக்கமானி சொன்னது சரி. சேறு காணாமல் போனால் நாங்கள் அதைத் துளையாள் தலைவலி என்று குறித்துவிட்டு மேலே போவோம். அது உங்கள் மேசைக்கும் வந்திருக்க வேண்டும்.

முதலாண்டுக்காரன்:
இன்று ஆய்வகத்தில் தேடினேன். 350 டிகிரி வரை போகும் ஆட்டோகிளேவ் (சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் கலம்) ஒன்று மூலையில் கிடக்கிறது. அதற்குள் சிமெண்ட் வில்லைகளை உப்புநீரில் வேகவைத்து, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து உடைத்துப் பார்க்கலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். சிரித்தார். மூன்று வருடமாக யாரும் அதைத் தொடவில்லையாம். மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய்விட்டதாம்.

சேற்றுக்கால்:
கிராஃபைட் கேஸ்கட் வாங்குங்கள். ரப்பர் வேண்டாம்.