மறு: ‘ஏசிமெட்ரிக் த்ரஸ்ட்’டுக்குத் தமிழ்ச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாட்களாக இந்த இழையை ஒரு மடல் விடாமல் படித்து வருகிறேன். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றோ குறைந்தோ போய், மற்றது மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி மூக்கைத் திருப்பிவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஏசிமெட்ரிக் த்ரஸ்ட்’ என்கிறார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேள்வியைக் கிளப்பியவன் நான்தான் என்பதால் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன். மடல் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் எந்த விமானம் என்று கேட்டவர்களுக்கு. நான் கட்டிக்கொண்டிருப்பது டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ, ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானமாக. அசல், 1940 நவம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதன்முதலாகப் பறந்த, இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் பூட்டிய போர்விமானம். அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று எல்லோரும் கவலைப்பட்ட காலத்தில் மரத்தாலேயே அதைக் கட்டினார்கள். நடுவில் பால்சா என்ற மிக லேசான மரம், இரு பக்கமும் பிர்ச் மர பிளைவுட். உடல்கூட்டை இடப் பாதி, வலப் பாதி என்று இரண்டாக அச்சின் மேல் வளைத்துச் செய்து, உள்ளே போகும் கம்பி, குழாய்களில் பெரும்பாலானவற்றைப் பொருத்திய பிறகுதான் இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். நாற்காலி, மேசை செய்த தச்சர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். மரத்தைத் தொட்டுப் பழகியவனுக்கு இதைவிட ஆசை காட்டும் விமானம் வேறு இல்லை.

என்னுடையது பத்தில் ஒரு பங்கு அளவு. அசலின் இறக்கை நுனிக்கு நுனி 16.5 மீட்டர், என்னுடையது 165 சென்டிமீட்டர். பெட்டியில் வரும் கிட் எதுவும் வாங்கவில்லை. மூன்று பக்க வரைபடத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, அதன் மேல் பால்சாவை வைத்து, ஒவ்வொரு துண்டாக நானே வெட்டினேன். உடல்கூட்டின் குறுக்குச் சட்டங்களுக்கு ‘வங்கு’ என்று எழுதியிருந்தேன், அது என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். தோணி கட்டுகிறவர்களின் சொல் அது. கப்பலின் விலாச் சட்டத்துக்கு வங்கு, அடிமரத்துக்கு ஏரா. வங்குகளை வரிசையாக நிறுத்தி அதன் மேல் பலகை போர்த்தும் வேலை தோணியிலும் விமானத்திலும் ஒன்றுதான். இருக்கிற சொல்லை எடுத்துக்கொண்டேன், புதிதாக எதையும் படைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

> ‘சமச்சீரற்ற உந்துவிசை’ என்று அகராதிப்படியே வைத்துக்கொள்வதில் என்ன தடை? பொருள் துல்லியமாக இருக்கிறதே.

பொருள் சரிதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல் எங்கே புழங்கப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் மட்டும் என்றால் நீங்கள் சொன்னதே போதும். எனக்கு வேண்டியது மைதானத்தில், கையில் ரிமோட்டோடு நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் ஒரே மூச்சில் கத்துவதற்கு ஒரு சொல். அது காதில் விழுந்ததும் விரல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கணக்கோடு சொல்கிறேன். என் மாதிரியில் ஒவ்வொரு மோட்டாரும் உடலின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளி இருக்கிறது. நிறுத்திவைத்து அளந்தால் ஒன்றரைக் கிலோ இழுக்கிறது. ஒரு மோட்டார் நின்றுவிட்டால் மற்றதன் திருப்புத்திறன் கிட்டத்தட்ட 37 கிலோ-சென்டிமீட்டர். அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டியது வாலில் இருக்கும் சுக்கான். எடைமையத்திலிருந்து சுக்கானுக்கு 75 செ.மீ. அப்படியென்றால் சுக்கான் பக்கவாட்டில் அரைக்கிலோ தள்ளியாக வேண்டும். விமானம் வேகமாகப் போகும்போது அது பெரிய காரியமில்லை. ஆனால் சுக்கானுக்குக் கிடைக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை காலாகிவிடும். மோட்டார் இழுப்பது மட்டும் குறையாது. தரையை விட்டு எழும் அந்தச் சில நொடிகளில் வேகம் குறைவு, மோட்டார் முழு முறுக்கில். அப்போது ஒன்று நின்றால் மூக்கு நின்ற பக்கம் திரும்பும், அந்தப் பக்க இறக்கை தாழும், விமானம் புரண்டு மல்லாந்து விழும். எல்லாம் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. இதற்கு முன்னால் கட்டிய இரட்டை எஞ்சின் மாதிரி, எட்டு மாத வேலை. ஏரிக்கரையில் பறக்கவிட்டு, ஒரு சுற்று முடித்து எங்களை நோக்கித் திரும்பி வந்தது. நான் பற்றவைத்த ஒரு கம்பி விட்டுப்போய் வலது மோட்டார் நின்றது. பக்கத்தில் அக்கா மகன். “மாமா, லெஃப்ட் நின்னுடுச்சு!” என்று கத்தினான். அவன் சொன்னதில் பொய்யில்லை. எதிரே வரும் விமானத்தின் வலது மோட்டார் அவன் கண்ணுக்கு இடப்பக்கம்தான் இருந்தது. நான் அதை விமானத்தின் இடது என்று எடுத்துக்கொண்டு சுக்கானை வலப்பக்கம் கொடுத்தேன். ஏற்கெனவே வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்த விமானம் இன்னும் வேகமாகத் திரும்பிப் புரண்டு விழுந்தது. நடு இறக்கையின் முதன்மைச் சட்டம் முறிந்த சத்தம் நாங்கள் நின்ற இடம் வரை கேட்டது. பையன் அன்று முழுவதும் பேசவில்லை. தப்பு அவனுடையது இல்லை, எங்களிடம் சொல் இல்லாததுதான் தப்பு என்று அவனிடம் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதனால் எனக்கு வேண்டியது இரண்டு சொற்கள். நடப்பதற்கு ஒரு பெயர், எந்த எஞ்சின் என்பதற்கு ஒரு பெயர்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். எனக்குத் தோன்றியது ‘ஒற்றையிழுப்பு’. மாட்டுவண்டியை நினைத்துத்தான் சொன்னேன். நுகத்தடியில் இரண்டு மாடு பூட்டியிருக்க, ஒன்று படுத்துவிட்டால் மற்றது இழுக்க இழுக்க வண்டி படுத்த மாட்டின் பக்கம் திரும்பும். அப்படியே இரட்டை எஞ்சின் விமானத்தில் நடப்பது இது. அதற்கு வந்த மறுப்பு:

> இழுவை, இழுவிசை என்பவை ஏற்கெனவே காற்று பின்னிழுப்பதற்கு, அதாவது ‘ட்ராக்’கிற்கு, வழக்கில் உள்ளன. ‘இழுப்பு’ என்றால் குழப்பம் வரும்.

இதை முழு மனதாக ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. யோசித்துப் பார்த்தால் குழப்பம் நீங்கள் சொன்னதைவிடப் பெரியது. நின்றுபோன மோட்டாரின் விசிறி காற்றில் சும்மா சுழன்றுகொண்டே இருந்தால், அந்தப் பக்கம் பின்னிழுவை கூடும். அதுவும் மூக்கை அதே பக்கம்தான் திருப்பும். ஆக ஒரு பக்கம் ஓடும் எஞ்சின் முன்னால் இழுக்கிறது, மறுபக்கம் நின்ற விசிறி பின்னால் இழுக்கிறது. ‘ஒற்றையிழுப்பு’ என்றால் இதில் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. விட்டுவிட்டேன்.

‘ஒருபக்க உந்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உந்தம் பள்ளி இயற்பியலில் ‘மொமெண்டம்’. அங்கே கை வைக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அண்ணன் ‘ஒருபக்க உதைப்பு’ என்றார். இலங்கைப் பாடநூல்களில் மேலுதைப்பு என்ற சொல் இருப்பது எனக்கும் தெரியும், நல்ல சொல். உதைப்பு என்பதில் ஒரு வேகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உதை என்றால் காலால் விடும் ஒரு உதைதான் நினைவுக்கு வரும், தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பது என்ற பொருள் வராது. அதற்காக அந்தச் சொல்லைத் தள்ளிவைக்கவும் எனக்கு மனமில்லை. கீழே சொல்லப்போவதில் முன்பாதிதான் முக்கியம், பின்பாதியை அவரவர் ஊர் வழக்கில் வைத்துக்கொள்ளலாம்.

நான் முன்வைப்பது ‘ஒருதலை உந்து’. ஒருதலைக் காதல், ஒருதலைப்பட்சம் என்று நாள்தோறும் சொல்கிறோம். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறியிருக்கிறது, மறுபக்கம் ஈடுகொடுக்கவில்லை என்று எட்டாவது படிக்கிற பையனுக்கும் புரியும். ‘சமச்சீரற்ற’ என்பது இன்னது இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ‘ஒருதலை’ என்ன நடக்கிறது என்றே சொல்லிவிடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு எஞ்சின் முழுவதும் நிற்க வேண்டும் என்றில்லை, ஒன்று மற்றதைவிடக் குறைவாக ஓடினாலும் ‘ஒருதலை’ பொருந்தும். வினையாகவும் நன்றாக வருகிறது: “ஒருதலையாக உந்துகிறது”, “ஒருதலை ஆகிடுச்சு”.

இரண்டாவது சொல்தான் எனக்கு இன்னும் பிடித்தது. இடது, வலது என்றால் யாருடைய இடது என்ற கேள்வி வருகிறது. ஆங்கிலத்தில் கப்பல்காரர்களிடமிருந்து போர்ட் (இடம்), ஸ்டார்போர்ட் (வலம்) என்று எடுத்துக்கொண்டது இந்தச் சிக்கலுக்காகத்தான். நம்மிடம் அதற்கு ஈடாக உழவர் வீட்டுச் சொல்லே இருக்கிறது: இடத்தன், வலத்தன். நுகத்தில் இடப்பக்கம் பூட்டும் மாடு இடத்தன், வலப்பக்கம் பூட்டுவது வலத்தன். வண்டிக்கு எதிரே நின்று பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் வலத்தன் வலத்தன்தான். ஓட்டுகிறவன் பார்வையில் ஒருமுறை வைத்த பெயர், அதற்குப் பிறகு மாறாது. அதோடு ‘ன்’ என்று முடிவதால் பக்கத்தின் பெயராக இல்லாமல் ஆளின் பெயராகக் காதில் விழுகிறது. “வலத்தன் போச்சு!” என்று கத்தினால் தப்பாகப் புரிந்துகொள்ள இடமே இல்லை.

> இரண்டு எஞ்சினில் எது நின்றாலும் ஒரே ஆபத்துதானே? பெயர் பிரித்து வைப்பது மைதானத்துக்கு மட்டும்தானா?

ஒரே ஆபத்து இல்லை. மொஸ்கிட்டோவின் இரண்டு விசிறிகளும் ஒரே பக்கம் சுழலும், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில். மூக்கை உயர்த்தி மெதுவாகப் போகும்போது, விசிறியில் கீழ்நோக்கி இறங்கும் அலகு, அதாவது இதழ், மேலேறும் அலகைவிட அதிகம் இழுக்கும். கடிகாரத் திசையில் சுழலும் விசிறியில் இறங்கும் அலகு வலப்பக்கம். ஆகவே வலத்தனின் இழுப்பு உடலிலிருந்து இன்னும் தள்ளி விழுகிறது, இடத்தனின் இழுப்பு உடலை ஒட்டி விழுகிறது. இடத்தன் நின்று வலத்தன் ஓடினால் திருப்புத்திறன் அதிகம். அசல் விமானத்தில் தரையோட்டத்தின்போதே மூக்கு இடப்பக்கம் இழுக்கும் என்பதால், விமானிகள் இடத்தனின் த்ராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) கொஞ்சம் முன்னால் தள்ளியே கிளம்பினார்கள். பின்னால் வந்த டி ஹாவிலண்ட் ஹார்னெட்டில் இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுழலும்படி எஞ்சினையே மாற்றிவிட்டார்கள்.

நம் மின் மாதிரிகளில் அதே காரியம் ஒரு நிமிட வேலை. பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பியில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் சுழற்சி திரும்பிவிடும். அதற்கேற்ற எதிர் விசிறியைப் போட்டால் போதும். அசலைப் போலவே இருக்கட்டும் என்று முதலில் ஒரே பக்கச் சுழற்சியில்தான் வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு மாற்றிவிட்டேன். இந்த ஒரு இடத்தில் அசலுக்கு உண்மையாக இருப்பதைவிட விமானம் முழுதாக வீடு திரும்புவது எனக்குப் பெரிது.

மொஸ்கிட்டோ இந்தியாவில் பட்ட பாட்டைப் பற்றியும் ஒன்று. 1944இல் இங்கே வந்த மொஸ்கிட்டோக்களில் சில பறக்கும்போதே உடைந்தன. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை நம் வெயிலையும் ஈரத்தையும் தாங்காததும், ஒட்டும்போது மரத்துக்கு இடையே விட்டுப்போன இடைவெளிகளும் காரணமாகப் பேசப்பட்டன. பின்னர் வந்தவற்றில் ஃபார்மால்டிஹைட் பசை. நான் ஒட்டுவது எபாக்ஸியில். அதையும் மழைக்காலத்தில் ஒட்டுவதில்லை.

கடைசியாக ஒரு சொல் பாக்கி இருக்கிறது. ஒருதலை ஆன பிறகு, எந்த வேகத்துக்குக் கீழே போனால் சுக்கானால் மூக்கைப் பிடிக்க முடியாதோ, அந்த வேகத்துக்கு ‘பிடிவேகம்’ என்று எழுதி வருகிறேன். ‘குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம்’ என்பது சரியான மொழிபெயர்ப்பு, ஆனால் ஸ்டால் ஆகும் வேகத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டாலில் இறக்கை விமானத்தைத் தூக்குவதைக் கைவிடுகிறது, இங்கே சுக்கானின் பிடி விடுகிறது. பிடிவேகத்துக்குக் கீழே ஒருதலை ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடுகிற எஞ்சினையும் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, நேராக எங்கே இடம் இருக்கிறதோ அங்கே இறக்குவது. ஓடுகிறதே என்று அதை நம்பி முறுக்கினால் அதுவே புரட்டிவிடும். ‘பிடிவேகம்’ என்ற சொல்லில் மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

நேற்று மாலை விமானத்தை மேசையில் இறுக்கிக் கட்டி, அக்கா மகனை அதற்கு எதிரே நிற்கவைத்தேன். இரண்டு மோட்டாரையும் ஓடவிட்டு, அவன் எதிர்பார்க்காத நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்தி, எது என்று சொல்லச் சொன்னேன். முதல் இரண்டு முறை தடுமாறினான். அப்புறம் நான் விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே “இடத்தன்!” “வலத்தன்!” என்று வந்துகொண்டே இருந்தது. ரிமோட்டில் இரண்டு விசைக்கும் பக்கத்தில் ‘இ’, ‘வ’ என்று மார்க்கரால் எழுதியிருக்கிறான்.

அன்புடன்.